நோவின் ஒற்றைச் சாட்சி

01

2008ஆம் ஆண்டு எனது உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டா. ஊர் வைத்தியசாலையில் செய்யக்கூடிய சத்திரசிகிச்சை அல்ல என்று மாகாணத்துக்கு வெளியே இருந்த பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்கள் வாட்டில் பதினொரு நாட்கள் கிடந்தா. தாதியர் அனைவரும் சிங்களம் பேசுபவர்கள். துணைக்கு நின்ற ராத்தாவுக்குச் சிங்களத்தில் நாலு சொல்லும் வராது. எனவே பார்வையாளர் நேரத்தில் நான் போய்ச் சேரும்வரை உம்மாவின் வாய் பூட்டியே கிடந்தது. நான்தான் சாவி.

சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் மாலை, தாதி ஒருவர் அட்டையும் பேனையுமாகக் கட்டிலடிக்கு வந்தார். "ரிதெனவத அம்மே?" என்று கேட்டார். நோகிறதா என்பதுதான் கேள்வி. நான் உம்மாவிடம் கேட்டேன். உம்மா சொன்னது இது:

"இடுப்புக்குள்ள கிடந்து உளையுது மகன். ராவு முழுக்கக் கண்ணுறக்கம் இல்ல. என்ன செய்யிற, அல்லாஹ் தந்தது. சபூர் செய்யத்தானே வேணும்."

நான் தாதியின் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "டிகக் விதரய் மிஸ்."

கொஞ்சம்தான் நோகிறதாம். தாதி அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உளைவு என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை என்பது உண்மை. அதுவே முழு உண்மை அல்ல. முன்கட்டிலில் ஒரு பெண் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தா. போவோர் வருவோரெல்லாம் அவவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். என் உம்மா அப்படியானவ இல்லை, தொந்தரவு தராத, பொறுமையான, நல்ல நோயாளி என்று அந்த வாட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்பினேன். அந்தப் பெருமைக்கு உம்மாவின் இன்னொரு இரவை விலையாகக் கொடுத்தேன். உம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இரண்டு சிங்களச் சொற்கள் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இக்கட்டுரை அவற்றிலிருந்து பிறந்த ஒரு கேள்வி பற்றியது. மற்றவருடைய நோவை நாம் எந்த அடிப்படையில் நம்புகிறோம், எந்த உரிமையில் நம்ப மறுக்கிறோம்?

02

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு இருக்கிறது. நோவுக்கு இல்லை. எக்ஸ்ரே முறிவைக் காட்டும், முறிவின் நோவைக் காட்டாது. ஒரேயளவு முறிவுள்ள இருவரில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்க மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

எலேன் ஸ்கெரி 1985இல் எழுதிய நூலொன்றில் இதன் கொடுமையைச் சுட்டிக்காட்டினார். நோவு உடையவருக்கு அதைவிட நிச்சயமான விடயம் உலகில் வேறெதுவும் இல்லை. அதைக் கேட்பவருக்கோ அதுவே சந்தேகத்துக்குச் சரியான உதாரணம். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முழத் தூரம்தான். அந்த ஒரு முழத்தில் அறிவு முழுவதும் ஒரு பக்கமும் அதிகாரம் முழுவதும் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. நோவது நோயாளிக்கு. மருந்து அலுமாரியின் திறப்பு தாதியிடம்.

இந்த இடைவெளியைக் கடக்க ஒரு தாதிதான் முதலில் வழி சொன்னார். மார்கோ மக்கஃபரி என்ற அமெரிக்கத் தாதி 1968இல் முன்வைத்த வரைவிலக்கணத்தின் சாரம், அனுபவிப்பவர் எதை நோவு என்கிறாரோ அதுவே நோவு, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது என்பதாகும். முதல் வாசிப்பில் இது மிக எளிமையானதாக, சற்று அசட்டுத்தனமானதாகவும் தோன்றும். பொய் சொல்பவர்கள் இல்லையா? மிகைப்படுத்துபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் இங்கு ஒரு வழக்கைத் தீர்க்கும் முறையில் யோசித்துப் பாருங்கள். சாட்சி ஒருவரே. இரண்டாவது சாட்சிக்கு வாய்ப்பே இல்லை. அந்த ஒருவரையும் நிராகரித்துவிட்டால் நாம் தீர்ப்புச் சொல்வது எதை வைத்து? எமது களைப்பை வைத்து, அவரது சாதி சனத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்டதை வைத்து, அவர் கத்துகிற விதத்தை வைத்து.

தவறு இரண்டு பக்கமும் நேரலாம். ஆனால் இரண்டு தவறும் சமமானவையல்ல. நோவில்லாதவரை நம்பினால் பெரும்பாலும் ஒரு குளிசை வீணாகும். நோவுள்ளவரை நம்பாவிட்டால் அவருக்கு இரண்டு அநியாயம் செய்கிறோம். ஒன்று, நோவில் விடுகிறோம். மற்றையது, பொய்யர் ஆக்கிவிடுகிறோம். இரண்டாவது அநியாயத்துக்கு மருந்து கிடையாது. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தனது அனுபவத்தை நோவு என்று கூறினால் அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்ற குறிப்பையும், பேச முடியாமை நோவில்லாமைக்கு ஆதாரமாகாது என்ற கருத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒரு தாதி சொன்ன விடயத்துக்கு உலகம் வந்துசேர ஐம்பது வருடங்கள் எடுத்திருக்கின்றன.

03

நம்பாமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் முதலிடம் பேச முடியாதவர்களுக்கு. பிறந்த சிசுவின் நரம்புகள் முதிராதவை, ஆகையால் அதற்கு நோவு உறைக்காது என்ற எண்ணம் 1980கள் வரையிலும் மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. 1985இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தையொன்றுக்கு, அசையாமல் இருப்பதற்கான மருந்தை மட்டும் கொடுத்து, நோவுக்கு எதுவும் கொடுக்காமல் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். குழந்தை பின்னர் இறந்துபோனது. நடந்ததை அதன் தாய் பகிரங்கப்படுத்தியபோதுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, தகுந்த நோவு நிவாரணி பெற்ற சிசுக்களின் உடல் அதிர்ச்சியும் பின்விளைவுகளும் குறைவாக இருந்ததைக் காட்டியது. அந்தச் சிசுக்கள் அதுவரையும் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அழுகை மொழியாகக் கணக்கெடுக்கப்படவில்லை.

சற்றுப் பெரிய பிள்ளைகளின் நிலையும் மேலானதாக இருக்கவில்லை. 1977இல் வெளியான, ஜோ ஈலண்ட் என்ற தாதியின் ஆய்வில், சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 25 பிள்ளைகளில் 13 பேருக்கு நோவு மருந்து ஒரு தடவையேனும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஊசி என்றால் பிள்ளைகள் பயப்படுவார்கள். ஆகவே கேட்டால் இல்லை என்பார்கள். இல்லை என்றது பதிவாகியது, பயம் பதிவாகவில்லை.

அடுத்ததாக, நாம் யாரை எம்மவராகக் கருதவில்லையோ அவர்கள். 2016இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி வைத்தியர்களில் சரிபாதி அளவினர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையேனும் கொண்டிருந்தனர். அவ்வாறு நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் நோவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதை வாசித்து அமெரிக்காவைத் திட்டுவது சுலபம். "தோட்டத்து ஆக்கள் தாங்குவார்கள்", "அந்த ஊர்ப் பொம்புளைகள் சும்மாவும் கத்துவார்கள்" என்றெல்லாம் எம்மிடையே சொல்லப்படுவதில்லையா? தோலைத் தடிப்பாக்குவதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு பழிச்சொல்லே போதும்.

தாதியரை மட்டும் குற்றஞ்சாட்டும் நோக்கம் எனக்கில்லை. உம்மாவின் வாட்டில் இரவில் நாற்பது கட்டில்களுக்கு இரண்டு தாதியர். பாயில் கிடந்தவர்கள் வேறு. வைத்தியர் காலையில் வந்து ஒரு கட்டிலில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுப் போவார். மிகுதி நேரம் முழுவதும் நோவு தாதியின் பொறுப்பில். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கில்லை, எழுதியதைக் கொடுக்கும் கடமை இருக்கிறது. "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று அட்டையில் எழுதப்பட்டிருந்தால், தேவை எது என்று தீர்மானிக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழுகிறது. நோயாளி கேட்க வேண்டும், தாதி நம்ப வேண்டும், அலுமாரி திறக்கப்பட வேண்டும். இதற்குள் நோவு முற்றிவிடுகிறது. முற்றிய நோவை அடக்க மருந்து கூடுதலாக வேண்டும். தாதியாகப் பயின்று பின்னர் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ், 1967இல் லண்டனில் சென் கிறிஸ்டோஃபர்ஸ் பராமரிப்பு இல்லத்தைத் திறந்து, இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். நோவு வந்து கேட்கும்வரை காத்திராமல், மணிக்கணக்குப் பார்த்து, நோவு திரும்பி வருமுன் மருந்து. கெஞ்ச வேண்டிய நிலையை இல்லாமலாக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர் கண்டார்.

04

இப்போது எமது பக்கத்துக்கு வருவோம். சாட்சி சொல்லவேண்டியவரே வாயைப் பொத்திக்கொண்டால் தாதி என்ன செய்வார்? உம்மாவின் "சபூர் செய்யத்தானே வேணும்" என்ற பேச்சை அந்தத் தாதியிடம் நான் மொழிபெயர்க்கவில்லை என்றாலும், எனது "கொஞ்சம்தான்" என்பதன் அடியில் கிடந்தது அதுதான். எம் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கப்படுவது இது. பிள்ளைப் பேற்றறையில் சத்தமிடாதவளை ஊர் புகழ்கிறது. நோவைச் சொன்னால் நன்மை குறைந்துவிடும் என்பதாகவே பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

அல்குர்ஆனில் பொறுமைக்கு உதாரணமாக நிற்பவர் ஐயூப் நபி (அலை). அவர் தன்னைத் துன்பம் தீண்டிவிட்டதாக இறைவனிடம் வாய்விட்டு முறையிடுகிறார். அவரைப் பொறுமையாளராகக் கண்டதாக அதே குர்ஆன் சொல்கிறது. முறையீடு பொறுமைப் பட்டியலிலிருந்து அவரது பெயரை வெட்டிவிடவில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். அது படைத்தவனிடம் சொன்னது, படைப்பிடம் சொல்வது வேறு என்று. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் காய்ச்சலாகக் கிடந்தபோது பார்க்கப் போன இப்னு மஸ்ஊத் (ரழி) கையால் தொட்டுப் பார்த்து, கடுமையான காய்ச்சலாக இருக்கிறதே என்கிறார். நபியவர்கள் அதை மறைக்கவில்லை. உங்களில் இருவருக்கு வருமளவு தனக்கு வருகிறது என்று அளவே சொல்லிவிடுகிறார்கள். இன்றைய தாதி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்பதும் இதைத்தான். தொட்டுப் பார்த்தல், கண்டதைச் சொல்லுதல், நோயாளி தன் வாயால் அளவு சொல்லுதல் என எல்லாமே அந்தச் சிறு உரையாடலில் இருக்கின்றன. இமாம் புகாரி தமது தொகுப்பில், எனக்கு நோகிறது என்றும் என் தலையே என்றும் சொல்ல நோயாளிக்குள்ள அனுமதிக்கென்று தனிப் பாடமொன்றையே வைத்து, அதன் தலைப்பிலேயே ஐயூப் நபியின் முறையீட்டையும் சேர்த்திருக்கிறார். விதியை நொந்து புலம்புவது ஒன்று. பராமரிப்பவருக்கு உள்ளதைச் சொல்வது வேறொன்று. பொறுமை என்பது நோவைத் தாங்குகிற விதம். நோவை ஒளிப்பது அல்ல.

சொல்வதற்கான சொற்களுக்கும் எம்மிடம் பஞ்சமில்லை. இப்னு சீனா தமது அல் கானூனில் நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். குத்துவது, துளைப்பது, கிழிப்பது, பாரமாக அழுத்துவது என ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைக் காட்டும் என்பது அவரது கருத்து. 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகளும் வைத்தியர்களும் பயன்படுத்திய சொற்களில் 78ஐ 20 கூட்டங்களாக அடுக்கி ஒரு வினாக்கொத்தை அமைத்தார். நோவின் அளவு மட்டுமன்றி அதன் தன்மையும் மருத்துவத் தகவல் என்பது இவ்விருவருக்கும் பொதுவான புரிதல். எமது கிழவிகளைக் கேளுங்கள். உளைவு வேறு, கடுப்பு வேறு. குத்து வேறு, குடைச்சல் வேறு. எரிவு, இழுப்பு, விறைப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எரிவும் மின்னலடித்தாற்போன்ற தெறிப்பும் நரம்பின் நோவாக இருக்கலாம். அதற்குச் சாதாரண நோவுக் குளிசை பெரும்பாலும் கேட்காது, மருந்து வேறு. ஆகவே ஒரு சொல் மொழிபெயர்ப்பில் தொலைந்தால் தொலைவது அழகு மட்டுமல்ல, சிகிச்சையும்தான். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. உளைவு என்ற சொல் வாட்டு அட்டையில் ஏறுவதற்கு ஒரு திருத்தம் போதுமானதாக இருக்கவில்லை.

05

நம்பினால் போதுமா? போதாது என்பதற்கும் அமெரிக்காவே பாடம். நோவு கவனிக்கப்படுவதில்லை என்ற நியாயமான கோபத்தில், 1990களின் நடுப்பகுதியில் நோவை ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிய வேண்டும் என்ற இயக்கம் அங்கு எழுந்தது. 2001இல் வைத்தியசாலைகளை அங்கீகரிக்கும் அமைப்பும் நோவு மதிப்பீட்டை நியமமாக்கியது. எண்ணைக் கேள், எண்ணை எழுது, எண்ணை இறக்கு என்பதாக அது பல இடங்களில் சுருங்கிவிட்டது. மருந்துக் கம்பனிகளின் பேராசையும் சேர்ந்துகொள்ள, அபின் வகை மருந்துகள் வெள்ளமாய்ப் பாய்ந்தன. ஏராளமானோர் அடிமையானார்கள், இறந்தார்கள். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் நோவை உயிர்க்குறியாகக் கொள்ளும் முறையைக் கைவிடச் சொன்னது.

இதைக் காட்டி, பார்த்தீர்களா நம்பியதால் வந்த வினை என்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. அங்கு நம்பப்பட்டது எண். மனிதர் அல்ல. எண்ணைக் கேட்டு, மருந்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து முகத்தைப் பார்க்காமல் போவதும் நம்பாமையின் இன்னொரு வடிவமே. மறுபுறம், அந்த வெள்ளம் உலகம் முழுவதும் பாயவில்லை. 2017இல் லான்செட் ஆணைக்குழு தந்த கணக்கின்படி, உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்பட்ட மோர்பினும் அதற்கு ஈடான மருந்துகளும் சுமார் 298.5 மெட்ரிக் தொன். வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 தொன். ஒரு பக்கம் வெள்ளத்தில் சாகிறார்கள் என்பதற்காக மறுபக்கத்தில் தாகத்தில் சாகிறவர்களுக்கு அணையைப் பற்றிப் போதிப்பது அறமாகாது. புற்றுநோயின் கடைசி நாட்களில் கிடப்பவருக்கு, பழகிவிடும் என்று காரணம் சொல்லி மோர்பினை மறுப்பவர்கள் இன்றும் எம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

அப்படியானால் நம்புதல் என்பது என்ன? இதற்கான பதிலை எந்த நூலிலும் நான் பெறவில்லை. அந்த வாட்டில்தான் பெற்றேன்.

நான் "டிகக் விதரய்" என்று சொல்லிவிட்டு வந்த இரவில் கடமைக்கு வந்தது வேறொரு தாதி. நடந்ததை ராத்தா பின்னர் சொன்னா. அட்டையில் எழுதியிருந்ததை வாசித்த பிறகும் அந்தத் தாதி உம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். உம்மாவின் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தன. நெற்றி வேர்த்திருந்தது. மெல்லப் புரட்ட முயன்றபோது உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டா. தாதி தன் பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, ஒன்றொன்றாக மடக்கி, எத்தனை என்று சைகையால் கேட்டார். உம்மா விளங்கிக்கொள்ளவில்லை. "உளையுது மகள், உளையுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறா. தாதி ஊசி மருந்து கொடுத்தார். இரண்டு கால்களுக்கும் இடையில் தலையணை வைத்தார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். மறுபடியும் புரட்டிப் பார்த்தார். உம்மா தூங்கத் தொடங்கிய பிறகும் ஒருமுறை வந்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கவனித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பகலில் அவர் இருக்கவில்லை. மாலையில் நான் நிற்கும்போது கடமைக்கு வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டார், உளெய்யுது என்றால் என்ன என்று. அந்தச் சொல்லைச் சிங்கள எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் குறித்து வைத்திருந்தார்.

நான் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். எலும்புக்குள் நின்று விடாமல் குடைவது, இரவில் கூடுவது, தூங்க விடாதது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சுற்றி வளைத்துச் சொன்னேன். நேற்று நான் குறைத்துச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். வைத்தியரிடம் அவர் பேசினார். தேவைப்பட்டால் என்றிருந்த மருந்து அடுத்த நாள் முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று மாறியது. நாலாம் நாள் உம்மா கட்டிலில் எழும்பி இருந்து தொழுதா.

அந்தத் தாதிக்குத் தமிழ் தெரியாது. வாட்டின் நாற்பது கட்டில்களும் அவருக்கும் நாற்பதுதான். மற்றத் தாதியிடம் இல்லாத மருந்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. மற்றவர் எழுதி வைத்த "கொஞ்சம்" என்ற சொல்லோடு அவர் நின்றுவிடவில்லை என்பதும், கொடுத்த மருந்து கேட்டதா என்று பார்க்கத் திரும்பி வந்தார் என்பதும்தான் வித்தியாசம். தாதியர் கல்வியில் இதற்கு மதிப்பிடுதல், மீள மதிப்பிடுதல் என்று பெயர். எளிய மொழியில் சொன்னால், கேட்பது, பார்ப்பது, கொடுப்பது, திரும்பி வருவது. இதில் நான்காவதுதான் மற்றவை மூன்றும் உண்மையானவை என்பதற்கு அத்தாட்சி.

எமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நோயாளியின் கட்டிலடியில் மொழிபெயர்க்க நிற்கும் மகனும் மகளும் நல்ல பெயர் தேடி அங்கு நிற்கவில்லை. சொல்லப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்படைக்க வேண்டிய அமானிதம் அவர்கள் கையில் இருக்கிறது. அதை நான் ஒருமுறை குறைத்து ஒப்படைத்தேன். உம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், பரவாயில்லை மகன் என்றுதான் சொல்லியிருப்பா.